ஃபிரிட்ஜுக்கும் ஒரு பாடு

செய்தி என் காதுக்கு வந்து சேர்ந்தபோது நன்றாகக் கொழுத்திருந்தது. பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் ஒரு ஃபிரிட்ஜை ஊர்ப் பங்காளியாகச் சேர்த்துவிட்டார்களாம். ஏரியில் மீன் பிடிக்க அதற்கும் முறை ஒதுக்கியாகிவிட்டதாம். ஊர்க்கூட்டத்தில் அதற்கு ஒரு நாற்காலியும் உண்டாம். சொன்னவர் மூலக்கடையில் ஏசி பழுது பார்ப்பவர். ஃபிரிட்ஜ் விஷயத்தில் அவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வதந்தியை விசாரிக்கப் போகிறவர்கள் அது பிறந்த ஊரை நோக்கிப் பேருந்தில் போக வேண்டும். வழியெல்லாம் அது இளைக்கும். மீஞ்சூரில் நாற்காலி போய்விட்டது. பொன்னேரி பேருந்து நிலையத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "மீன் புடிக்க ஃபிரிட்ஜுக்கு இன்னா கையி கீதா, காலு கீதா? சும்மா பேருக்குச் சேத்துக்கினாங்க" என்று பங்காளிப் பட்டத்தைப் பாதியாக்கினார். பழவேற்காடு கடைத்தெருவில் இறங்கி ஜெரோமின் டீக்கடையில் கேட்டபோது, எலும்பும் தோலுமாக இவ்வளவுதான் மிஞ்சியிருந்தது: பூபதி என்பவர் இந்தக் கடை மேசையில் உட்கார்ந்து, டம்ளருக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துப் பிரித்து, "இன்னிக்கு ஃபிரிட்ஜுக்குத்தான் பாடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

"அவ்ளோதான் சார் நடந்துச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் சேக்கல" என்றார் ஜெரோம். டீ ஆற்றும் கையைச் சற்று நிறுத்திவிட்டு, "நாற்காலி மட்டும் நான் போட்டது" என்றார்.

பாடு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்கள் கொஞ்சம், வலை வைத்திருப்பவர்கள் நிறைய. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. இன்று உன் பாடு என்றால் அந்த இடத்தில் உன்னைத் தவிர யாரும் வலையை நனைக்கக் கூடாது. நாளை என் பாடு என்றால் நீ கரையில் உட்கார்ந்து என் வலையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கலாம். மற்ற இடங்களில் பங்கு பிரித்த பிறகு சண்டை வரும். சில இடங்களில் சண்டை முடிந்த பிறகும் பங்கு பிரிக்க மாட்டார்கள். இங்கே சீட்டோடு சண்டை முடிந்துவிடும்.

பூபதியைத் தேடிப் போனேன். கோட்டைக்குப்பத்து வீடுகள் முடிந்து உவர்மண் தொடங்கும் இடத்தில், ஏரியைப் பார்த்தபடி ஒரு வெள்ளை வேன் நின்றது. ஒரு காலத்தில் கண் பரிசோதனை முகாம்களுக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி. பக்கவாட்டில் இருந்த எழுத்துகளை அழித்து மேலே பெரிய பூநாரை ஒன்றைத் தீட்டியிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் பூநாரையின் வயிற்றுக்குள் "இலவச" என்ற சொல் இன்னும் செரிக்காமல் கிடந்தது. உள்ளே படுக்கை, சின்னச் சமையல் மேடை, இடுப்பளவு ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு, காற்றாடி. கூரைமேல் இரண்டு சோலார் பலகைகள். படுக்கைக்கு அடியில் இரண்டு பேட்டரிகள். மின்கம்பம் எங்கே என்று சுற்றிலும் பார்த்தேன். கடைசிக் கம்பம் கோயிலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தது.

"கம்பத்துல கொக்கி போட்டு இழுத்துக்கலாமேன்னு கேப்பீங்க" என்றார் பூபதி, நான் கேட்பதற்கு முன்பே. "எல்லாரும் கேக்குறாங்க. போட மாட்டேன் சார். கொக்கி போட்டா அது திருட்டு. திருட்டுக்குப் பாடு வெக்க முடியாது."

"ஃபிரிட்ஜுக்கு வைக்கலாமா?"

"அதுக்கு இன்னா கொறச்சல்? பேட்டரின்றது ஏரி மாதிரி சார். ஏரிக்குத் தண்ணி முகத்துவாரத்துல வருது, கடல்லேர்ந்து. பேட்டரிக்கு வெயிலு கூரை மேல வருது. எவ்ளோ வருதோ அவ்ளோதான் எடுக்கணும். எடுக்கறதுக்கு நாலு பேரு கீறாங்க. காத்தாடி, ஃபிரிட்ஜு, பம்பு, போனுக்குப் போடற சார்ஜரு. நாலு பேரும் ஒண்ணா வலையப் போட்டா ஏரி வறண்டுபோவும். அதான் பாடு."

"விளக்கு?"

"விளக்கு கொழந்த சார். அத்தக் கணக்குல சேக்கக் கூடாது. பால் குடிச்சிட்டுப் போவட்டும்."

ஐம்பதை ஒட்டிய வயது, உப்பு ஏறிய புருவம், வலது முழங்காலில் ஒரு பட்டி. அந்த மனிதரைப் பார்த்த முதல் பத்து நிமிடத்தில் எனக்குப் புரிந்தது: அவர் வேனைக் கவனித்துக்கொள்ளவில்லை, அதற்கு நாட்டாமை செய்துகொண்டிருக்கிறார்.

அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். மீசை முளைத்த வருடம் முதல் சீட்டு எடுத்தார். ஏரியிலேயே மோசமான இடம் விழுந்தது. அடுத்த முறையும் அதே இடம். வேறு யாராக இருந்தாலும் சீட்டு முறையை வெறுத்திருப்பார்கள். பூபதிக்கோ அதன்மேல் காதல் வந்துவிட்டது. தோற்றவன் யாரையும் திட்ட வேண்டியதில்லை, யார் காலிலும் விழ வேண்டியதில்லை என்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. கல்யாணம் ஆனதும் அந்தக் காதலை வீட்டுக்குள் கொண்டுவந்தார். டிவி யாருக்கு என்பதற்குப் பாடு. மகள் வைஷ்ணவி சின்னவளாக இருந்தபோது மீன் தலை யாருக்கு என்பதற்குப் பாடு. அவளைத் தோணிரேவில் கட்டிக்கொடுத்த பிறகு, பொங்கல் எந்த வீட்டில் என்பதற்கு மாப்பிள்ளையையும் சீட்டு எடுக்க வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் காற்று வரும் ஒரே ஜன்னலை ஒட்டி விரிக்கும் பாய். அதற்கு வருடத்துக்கு ஒரு முறை குலுக்கல்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சீட்டு எடுக்குறேன் சார்" என்றார் அவர் மனைவி கலைவாணி. "இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஜன்னல் வந்ததில்ல. அந்த மனுசன் கள்ளாட்டம் ஆடறதில்ல, அதான் கடுப்பு. ஆடுனா நாலு வார்த்தை கேக்கலாம்."

கலைவாணி இதைச் சொன்னபோது தோளில் ஒரு ஏணியைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். கூரைமேல் இருக்கும் பலகைகளைத் துடைப்பது அவர் பொறுப்பு. "என் மூட்டுக்கு ஏணி ஆவாது" என்று பூபதியே அந்த வேலையை அவரிடம் கொடுத்திருந்தார். "தெனமும் காலைல ஏர்றா, மத்தியானமும் ஏர்றா. இந்த ஒரு வேலைல அவ கொறையே வெச்சதில்ல சார்" என்று பெருமையாகச் சொன்னார். கலைவாணி ஏணியை வேறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போனார்.

முழங்கால் போனது இரண்டு வருடத்துக்கு முன்பு. தோணியிலிருந்து சேற்றில் குதித்தபோது ஒரு கால் இறங்கியது, உடம்பு மட்டும் திரும்பியது. அதற்குப் பிறகு சேற்றில் நின்று வலை இழுக்க முடியவில்லை. தன் பாட்டைத் தம்பியிடம் ஒப்படைத்தார். ஊர்க் குலுக்கல் நாளன்று சட்டை மாட்டிக்கொண்டு போய் ஓரமாக நின்றாராம். "நீ எதுக்குண்ணா வந்தே" என்று யாரோ அன்பாகத்தான் கேட்டாராம். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஊர் முழுக்க முறை வைத்து வாழும்போது முறையில்லாத ஒரே ஆள் தான் மட்டும் என்பதை அவர் ஏரியைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்.

அப்போதுதான் வேன் வந்தது. அதன் சொந்தக்காரர் சம்பந்தம், கரையிலிருந்து உள்ளே தள்ளி நெல் விளையும் ஊர்க்காரர். மனைவி காந்தாவைக் காசிக்குக் கூட்டிப் போக வேண்டும், வழியில் எந்தச் சத்திரத்தையும் நம்பக் கூடாது என்று இந்த வண்டியை வாங்கினார். காந்தா தடா சுங்கச்சாவடி வருவதற்குள் வாந்தி எடுத்து, "காசில கீற சாமி நம்ம ஊர்லயும் கீது" என்று வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கோழி அடையும் இடமாக இருந்த வண்டியை, பூநாரை பார்க்க வருகிறவர்கள் தங்கட்டும் என்று ஏரிக்கரையில் நிறுத்தி பூபதியிடம் சாவியைக் கொடுத்தார். பூபதி மறுபடியும் பாடு உள்ளவர் ஆனார்.

ஆனால் பேட்டரி தாங்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு வந்தவர்கள் அத்தனை பேரும் முதல் ராத்திரியே மூட்டை கட்டினார்கள். சோற்றுத் தட்டைக் கழுவுவதற்குள் காற்றாடி நின்றுவிடும். ஏரிக்கரைக் கொசுக்கள் அந்தக் கணத்துக்காகவே வாசலில் வரிசையில் நின்றிருக்கும். எஞ்சினை ஓட்டி பேட்டரியை ஏற்றலாம். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பூநாரைகள் ஆந்திரா பக்கம் போய்விடும், பின்னாலேயே வாடிக்கையாளர்களும். சம்பந்தம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சொல்லியிருந்தார்: இந்த வாரம் வருகிறவர்கள் இரண்டு ராத்திரியும் முழுசாகத் தங்க வேண்டும். இல்லையென்றால் வண்டி திருத்தணிக்குப் போகும். அங்கே மச்சானின் கல்யாண மண்டபத்தில் மணப்பெண் அலங்கார அறையாக நிற்கும்.

"வந்தவங்கதான் சார் கரண்டத் திருடுறாங்க" என்றார் பூபதி, குரலைத் தாழ்த்தி. "போவும்போது பாருங்க, அவங்க போனு எல்லாம் நெறஞ்சிருக்கும். இந்த தபா நான் உஷாரா கீறேன்."

அந்த வாரம் வந்தவர்கள் விஜயராகவனும் மோகனப்பிரியாவும். அம்பத்தூர்த் தம்பதி. அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குப் பறவைகளைப் படமெடுக்கும் பித்து. மத்தியானம் பூபதி கடைத்தெருவில் இருந்து அவர்களை அழைத்துவந்தபோது, மோகனப்பிரியா வண்டியைப் பார்க்கவில்லை, வண்டிக்கு மேலே வானத்தைப் பார்த்தார். செம்பருந்துகள் ஒரு டஜனாவது வட்டமடித்துக்கொண்டிருந்தன.

"எவ்வளவு தாழப் பறக்குது பாருங்க. இதுக்காகவே இங்க நிறுத்தினீங்களா?"

"எல்லாம் ஒரு அனுபவந்தான் மேடம்" என்றார் பூபதி, தனக்கே தெரியாத ஒன்றுக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு.

பிறகு சோதனை நடந்தது. பெட்டியில் இருந்து மின்சாரக் கெட்டில் வந்தது. முடி உலர்த்தும் கருவி வந்தது. இஸ்திரிப் பெட்டி வந்தது. பூபதி ஒவ்வொன்றாக வாங்கி மீன்கூடையில் போட்டார்.

"இது ஒரு தபா ஊதிச்சுன்னா காத்தாடி ராத்திரி முழுக்கப் பட்டினி மேடம்."

"சட்டை கசங்கியிருக்கே" என்றார் விஜயராகவன், இஸ்திரிப் பெட்டியை விடாமல்.

"பூநாரை கண்டுக்காது சார்."

சட்டம் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டது. பகலில் வெயில் இருக்கும்வரை ஃபிரிட்ஜின் பாடு: தண்ணீர்ப் பாட்டில்களை உள்ளே வைத்துக் கல்லாக உறைய வைக்க வேண்டும். வெயில் இறங்கியதும் ஃபிரிட்ஜை நிறுத்திவிட வேண்டும். உறைந்த பாட்டில்கள் ராத்திரியைப் பார்த்துக்கொள்ளும். "நடுவுல தொறந்து எட்டிப் பாக்கக் கூடாது. பாத்தா அடுத்தவன் பாட்டுல வலை போட்ட மாதிரி." பம்புக்குக் காலை. காற்றாடிக்கு ராத்திரி. சார்ஜருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சி வெயிலில் மட்டும். எந்த நாள் யாருக்கு நீளமான பாடு என்பது ஜெரோம் கடை டம்ளரில் தீர்மானம் ஆகும். விஜயராகவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வங்கியில் இதைவிட விசித்திரமான சுற்றறிக்கைகளைப் பார்த்தவர்.

அன்று சாயங்காலம் நண்டுக் குழம்பும் சோறும் ஆயிற்று. மோகனப்பிரியா கை கழுவிக்கொண்டிருந்தார். காற்றாடி ஒரு முறை இழுத்து மூச்சு விட்டது. இறக்கைகளைத் தனித்தனியாக எண்ணும்படி சுற்றியது. நின்றது.

பூபதி பேட்டரியின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தார். அது இடதுபுற மூலையில் படுத்திருந்தது. "சார், உண்மையச் சொல்லுங்க. எத்தச் சொருவினீங்க?"

"எதையும் சொருகல. போனைக்கூட அணைச்சு வெச்சிருக்கேன்."

"கெட்டிலு?"

"அது உங்க கூடையில இருக்கே."

இரண்டு பேரும் சேர்ந்து மீன்கூடையை எட்டிப் பார்த்தார்கள். கெட்டில் யோக்கியமாக உட்கார்ந்திருந்தது.

மோகனப்பிரியா துண்டில் கை துடைத்தபடி முடிவைச் சொன்னார். "நாளைக்கு மத்தியானம் கிளம்பிடறோம் அண்ணே. காலையில பருந்தை மட்டும் எடுத்துக்கறேன். அதை விட்டுட்டுப் போக மனசில்லை."

பூபதி தன் காலணியைத் தேடினார். திருத்தணி மண்டபத்து மேளச் சத்தம் அவர் காதில் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் வெயில் தாராளமாக அடித்தது. பருந்துகள் வந்துவிட்டன. கீழே இருந்து எடுத்தால் வயிறு மட்டும்தான் விழுகிறது என்று மோகனப்பிரியா படுக்கைமேல் ஏறி, கூரையில் காற்றுக்காக வைத்திருந்த சின்னக் கதவை மேலே தள்ளித் தலையையும் கேமராவையும் வெளியே நீட்டினார். கீழே நானும் பூபதியும் விஜயராகவனும் நின்றிருந்தோம். கழுத்துக்கு மேலே வானத்திலும் கழுத்துக்குக் கீழே வண்டிக்குள்ளும் இருந்த மோகனப்பிரியா நெடுநேரம் அசையவில்லை.

"மேடம், பருந்து கீதா?" என்று பூபதி கேட்டார்.

"இருக்கு அண்ணே. அது எதுக்கு வருதுன்னும் தெரிஞ்சுபோச்சு." கேமராவை இறக்கினார். "உங்க கரண்டும் இங்கதான் இருக்கு. பாதி காஞ்சிருக்கு."

கூரையின் இரண்டு பலகைகளும் தெரியாதபடி, ஓரம் முதல் ஓரம் வரை, ஒன்றன்மேல் ஒன்று படாமல், அவ்வளவு நேர்த்தியாக நெத்திலி பரப்பியிருந்தது. வெள்ளிக் காசு கொட்டியது போல மின்னியது. பலகையில் வெயில் படுவதற்கு நகக்கண் அளவுகூட இடமில்லை.

சரியாக அந்த நேரத்தில் கலைவாணி ஒரு தோளில் ஏணியும் மறு கையில் முறமுமாக வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்தார். கூரையில் முளைத்திருந்த தலையைப் பார்த்தார். திரும்பிப் போக நினைத்து, பிறகு போகவில்லை.

"இன்னாமே இது?" என்றார் பூபதி.

"நெத்திலி."

"நெத்திலின்னு தெரியுது. அங்க இன்னா பண்ணுது?"

"காயுது. வேற இன்னா பண்ணும், சீட்டா எடுக்கும்?"

"தொடைக்கச் சொன்னா..."

"தொடைச்சிட்டுத்தான் போட்டேன். தொடைக்காத எடத்துல நான் மீன் போடுவனா?"

ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கலைவாணி தன் பக்கத்தைச் சொன்னார். மணலில் காய வைத்தால் கருவாட்டில் மண் நறநறக்கிறது என்று வியாபாரிகள் முகம் சுளிக்கிறார்கள். நாய் ஒரு பக்கம், ஆடு ஒரு பக்கம். "மீன்வளத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சு, தரைல போடாதீங்க, உசரத்துல போடுங்கன்னு. இதவிட உசரம்னா நம்ம ஊர்ல கலங்கரை விளக்கந்தான்யா கீது." கண்ணாடிப் பலகை, தோசைக்கல் மாதிரி சூடு, மண் கிடையாது. அவர் நெத்திலிக்குப் பசியாவரத்தில் இருந்தெல்லாம் ஆள் சொல்லிவிட்டார்கள். "பேட்டரிக்கு வெயில் வேணும்னு எனக்கு யாரு சொன்னா? அது வெயில்லதானே கெடக்குது, மீனு மேல கெடந்தா இன்னான்னு நெனச்சேன்."

"பேட்டரிக்குப் பாடு வெச்சு, ஊரே சிரிக்க சீட்டு எடுத்துக்கினு கீறேன்..."

"கீழ நாலு பேருக்கு வெச்சே. மேல வெச்சியா? எடுக்குற தண்ணிக்குப் பங்கு போட்டுக்கினு முகத்துவாரத்த வுட்டுட்டே. பாடு வெக்காத எடத்துல யாரு வேணா வலை போடலாம்னு நீதானய்யா சொல்லுவே?"

பூபதி எப்போதும் சொல்லுவதுதான் அது.

அந்த நேரம் பார்த்து அவர் கைப்பேசி அடித்தது. சம்பந்தத்தின் குரல் வெளியே எல்லாருக்கும் கேட்டது. "இன்னா பூபதி, நேத்தும் காத்தாடி நின்னுபோச்சாமே. அந்த சாரே எனக்கு மெசேஜ் போட்டுட்டார்." விஜயராகவன் ஏரியில் எதையோ கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். "நாளைக்குக் காலைல டிரைவர அனுப்பறேன். வந்து அவன் வண்டிய..."

கைப்பேசி அணைந்துவிட்டது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சார்ஜருக்கு இன்னிக்குப் பாடு இல்ல" என்றார் பூபதி.

டிரைவர் வந்து வண்டியை என்ன செய்வான் என்ற வினைச்சொல் மட்டும் பேட்டரியோடு போய்விட்டது. ஆனால் அதை யூகிக்க இலக்கணம் தேவைப்படவில்லை.

பூபதி நெடுநேரம் யோசிக்கவில்லை. ஜெரோம் கடை வடை மடித்த தாளைக் கிழித்து இரண்டு சீட்டு செய்தார். ஒன்றில் பேட்டரி, ஒன்றில் நெத்திலி. இன்றைய வெயில் யாருக்கு என்பதைச் சீட்டே சொல்லட்டும். குலுக்குவதற்கு டம்ளர் இல்லை. கூடையில் இருந்து கெட்டிலை எடுத்து அதற்குள் போட்டார். அந்தக் கெட்டிலுக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே வேலை அது. மோகனப்பிரியா கீழே இறங்கி வந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுத்தார்.

பிரித்துப் படித்தார். "நெத்திலி."

கலைவாணிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "இன்னொரு தபா படிங்க" என்றார். மோகனப்பிரியா படித்தார். "யோவ், நீ படி" என்றார். பூபதி படித்தார். வாழ்க்கையில் முதல் முறையாகச் சீட்டு விழுந்த பெண் முறத்தைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. மோகனப்பிரியாவுக்கும் தொற்றிக்கொண்டது. காரணமே தெரியாமல் விஜயராகவனும் சிரித்தார். பிறகு இன்றைக்கும் காற்றாடி கிடையாது என்ற காரணம் தெரிந்து, தன் பையைக் கட்டப் போனார்.

போகும் வழியில் பூபதியிடம், "இன்னொரு முறை குலுக்கினா என்ன? நமக்குள்ளதானே" என்றார்.

பூபதி அவரைப் பார்த்த பார்வையை நான் கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவர்கள்மேல்தான் பார்த்திருக்கிறேன். "சீட்டு சீட்டுதான் சார். வண்டி போனாப் போவட்டும்" என்றார். சொல்லிவிட்டு, வண்டியின் படியில் உட்கார்ந்து முழங்கால் பட்டியை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். சரியாக வரவில்லை என்று இன்னொரு முறை அவிழ்த்தார்.

கலைவாணியின் சிரிப்பு அதைப் பார்த்துத்தான் நின்றது.

"யோவ்" என்றார். "வலை கிழிஞ்சவனுக்கு அடுத்தவன் தன் பாட்டக் கைமாத்தாத் தர்றது உண்டா இல்லியா?"

"உண்டு" என்றார் பூபதி, தலையைத் தூக்காமல்.

"அப்ப இன்னிக்கு வெயில உனக்குக் கைமாத்தாத் தரேன். ஒரு முழுப் பகல் வெயிலு. அதேமாதிரி திருப்பித் தரணும். மேகம் மூடுன வெயிலு, சாயங்கால வெயிலு, மிச்ச வெயிலு எதுவும் ஆவாது."

"தரேன்."

"தர்ற வரைக்கும் அடமானம்?"

பூபதி நிமிர்ந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "ஜன்னல் பாயா?"

"ஜன்னல் பாயி."

முழங்கால் பட்டியை இறுக்கி முடிந்துவிட்டுச் சரி என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். விஜயராகவன் கசங்கிய சட்டையோடு கூரைமேல் ஏறி, முறம் முறமாக நெத்திலியை அள்ளிக் கீழே கொடுத்தார். ஒவ்வொரு முறத்துக்கும் ஒரு பருந்து அவர் தலைக்கு மேல் உரசிப் போனது. அவர் மனைவி அதைப் படமெடுத்தாரே தவிர எச்சரிக்கவில்லை. கலைவாணி பழைய வலையை மணலில் விரித்து மீனைப் பரப்பினார். நாயை விரட்டும் பாடு எனக்கு விழுந்தது, சீட்டே போடாமல். பலகைகளை ஷாம்பு போட்டுக் கழுவினார்கள். பூபதி வண்டிக்குள் போய் முள்ளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சினைமீன் வயிற்றைத் தடவுகிறவர் போலக் கண்ணாடியைத் தடவியபடி, அது நகர நகர உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "ஏறுது. இன்னும் ஏறுது. தாண்டிடுச்சு." முள் இந்த வருடத்தில் பார்க்காத பக்கத்தையெல்லாம் பார்த்தது.

அன்று சாயங்காலம் காற்றாடி நிற்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகும் நிற்கவில்லை. பூபதி வெளியே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டு ரேடியோவில் தன் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்பவர் மாதிரி. காலையில் சம்பந்தத்தின் டிரைவர் வந்தபோது விஜயராகவன் காற்றாடிக்கு அடியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். "ஆளுங்க போயிட்டிருந்தா வண்டிய எடுத்தாரச் சொன்னாரு. போவலையே" என்று டிரைவர் ஜெரோம் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். தம்பதியர் கிளம்பும்போது பை நிறைய நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டார்கள். வண்டியைப் பற்றி அவர்கள் எழுதிய குறிப்பில் பறவைகள் பிரமாதம், பேட்டரி நன்று, வாசனை ஊரோடு சேர்ந்தது என்று இருந்ததாக மோகனப்பிரியா எனக்குச் சொன்னார். திருத்தணி மணப்பெண்கள் வேறு இடத்தில் பவுடர் போட்டுக்கொள்வார்கள்.

ஆக, வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்: கோட்டைக்குப்பத்தில் ஃபிரிட்ஜ் பங்காளி இல்லை. அதற்கு நாற்காலி கிடையாது. இப்போது கூரைக்கும் பாடு வைத்தாயிற்று. ஆட்கள் தங்கும் நாளில் பேட்டரிக்கு, தங்காத நாளில் நெத்திலிக்கு. ஜெரோமிடம் இதையெல்லாம் விளக்கி, நாற்காலியை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். "நெத்திலிக்குப் போட்டுடறேன் சார்" என்றார்.

கைமாற்று வாங்கிய வெயில் மட்டும் இன்னும் திரும்பவில்லை. மறுநாளே மேகம் மூடியது. அதற்குப் பிறகு வண்டிக்கு ஆள் வந்தது. பேட்டரியின் முறையிலிருந்து ஒரு பகலைக் கொடுத்துவிடலாம் என்று பூபதி துணிந்த நாளில் கடலில் நெத்திலியே படவில்லை. மீன் இல்லாத வெயிலை வாங்கிக்கொள்ளக் கலைவாணி மறுத்துவிட்டார். அரைப் பகலாக இரண்டு தவணையில் தருகிறேன் என்று பூபதி கேட்டுப் பார்த்தார். "வெயில நான் சில்லறையா வாங்குறதில்ல" என்று பதில் வந்தது.

மாசியில் மறுபடியும் போனேன். துடைத்துவிட்டது போன்ற வானம். பூபதி அன்று ஆளே எடுக்கவில்லை. பலகைகள் பளபளத்தன, ஏணியைத் தானே நொண்டி நொண்டித் தூக்கிவந்து சாய்த்து வைத்திருந்தார், கூடை நிறைய நெத்திலி தயாராக இருந்தது. கலைவாணி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கடலுக்கு மேலே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற மாதிரி, முறம் அளவுக்கு ஒரு மேகம்.

"அது போவட்டும்" என்றார்.

"அது எங்கியோ கீது. இங்க வராது."

"வந்துட்டா?"

பூபதி மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது போகவும் இல்லை, வரவும் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறியதும் கலைவாணி நெத்திலிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "பாதி போயிடுச்சு. இது கணக்குல சேராது. நாளைக்குப் பாக்கலாம்."

என்னைத் தாண்டிப் போகும்போது, பூபதிக்குக் கேட்காதபடி, "ஜன்னலாண்ட காத்து இன்னாமா வருது தெரியுமா சார்" என்றார்.